கொள்ளிட முகத்துவாரத்து அபூர்வ விருட்சம்

காவேரி எங்கே கடலோடு கலக்கிறது என்று தஞ்சாவூர்ச் சீமையில் யாரைக் கேட்டாலும் பூம்புகார் என்றே பதில் வரும். ஆடிப் பெருக்குக்கும் தை அமாவாசைக்கும் ஜனங்கள் ஸ்நானத்துக்குப் போகிற துறை அது. ஆகவே அந்தப் பதிலில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் குடகிலே பிறந்து வருகிற அந்த மகாநதி, கல்லணைக்குக் கீழே வெண்ணாறென்றும் குடமுருட்டியென்றும் அரசலாறென்றும் கிளைகளாகப் பிரிந்து, மதகு மதகாகவும் வாய்க்கால் வாய்க்காலாகவும் தன்னை வயல்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டுப் பூம்புகாரை அடையும்போது மிகவும் மெலிந்துபோய்விடுகிறது. அதன் வெள்ளப் பெருக்கைச் சுமந்துகொண்டு சமுத்திரத்துக்குப் போவது, முக்கொம்பிலேயே பிரிந்துவிடுகிற கொள்ளிடம்தான்.

அந்தக் கொள்ளிடம் கீழணையைத் தாண்டி, சிதம்பரத்துக்குத் தெற்கே ஓடிக் கடலைத் தொடுகிற இடத்துக்கும், அதற்கு வடக்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் விழுகிற இடத்துக்கும் நடுவில், நிலமென்றும் நீரென்றும் தீர்மானமாகச் சொல்ல முடியாத ஒரு பிரதேசம் இருக்கிறது. அதுதான் பிச்சாவரம். டெல்டாவின் நெல்வயல்களை ஊட்டிவிட்டு மிஞ்சிய தண்ணீர், கடலின் ஓதத்தோடு கலந்து வளர்த்திருக்கிற அந்த அலையாத்திக் காட்டில், தாவர சாஸ்திர ஏடுகளில் முதன்முதலாக அங்கிருந்தே பெயர் பெற்றுப் பதிவான ஒரு விருட்சம் நிற்கிறது. அதன் பெயர் ரைசோபோரா அண்ணாமலையானா. இதைப் பற்றி நம்மவர்களில் வெகு சிலருக்கே தெரிந்திருக்கிறது என்பது எனக்கு நெடுநாளாக மனக்குறை.

பிச்சாவரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் படகுச் சவாரிக்காகவே போகிறார்கள். 1975-இல் வெளிவந்த ‘இதயக்கனி’ திரைப்படத்தில் அந்தக் கழிகளைப் பார்த்த தலைமுறையும், அதற்குப் பிறகு வந்த தலைமுறைகளும், இருபுறமும் மரங்கள் கவிந்து கூரை போட்டாற்போல் நிற்கிற ஓடைகளினூடே துடுப்புப் படகில் போய்த் திரும்புவதோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். காட்சி அவ்வளவு ரம்மியமாக இருப்பதனால் மரத்தை மரமாகப் பார்க்கத் தோன்றுவதில்லை. 2022-ஆம் ஆண்டில், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குரிய ராம்சார் பட்டியலில், 1,478 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான பரப்போடு பிச்சாவரம் சேர்க்கப்பட்டது. அந்தச் சிறிய பரப்புக்குள்ளேயே மரங்கள் தங்களுக்குரிய இடங்களை வகுத்துக்கொண்டிருக்கும் ஒழுங்கு வியக்கத்தக்கது. ஓடைக் கரையை ஒட்டி, ஓதம் தினமும் ஏறி இறங்குகிற மெல்லிய விளிம்பிலே சுரபுன்னை நிற்கும். அதற்குப் பின்னே, சற்றே மேடான உட்பகுதிகளில் வெண்கண்டல் விரிந்து பரவியிருக்கும். நிலத்தை நெருங்க நெருங்கத் தில்லை தென்படும். நடராஜப் பெருமானின் க்ஷேத்திரத்துக்குத் தில்லைவனம் என்று பெயர் தந்த அந்த ஸ்தல விருட்சத்தைச் சிதம்பரம் நகரத்துக்குள் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அது வளர்ந்து நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே பிச்சாவரத்துக் கழிகளுக்குத்தான் வரவேண்டும். ஒடித்தால் வடிகிற அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுத்துவிடும் என்பதால் விறகு வெட்டுகிறவர்கள்கூட அதனிடம் ஜாக்கிரதையாகவே இருப்பார்கள்.

நாம் பார்க்க வந்த மரம் ஓடையின் விளிம்பிலே நிற்கிற சுரபுன்னைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சுரபுன்னைப் பேரினத்துக்கு 1753-இல் லின்னேயஸ் ரைசோபோரா என்று பெயரிட்டார். பிச்சாவரத்தில் இதன் இரண்டு ஜாதிகள் உண்டு. ஒன்று அபிகுலாட்டா, மற்றொன்று மியூக்ரோனாட்டா. தூரத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றேபோல் தோன்றும். இரண்டுக்கும் அடிமரத்திலிருந்து வளைந்து வளைந்து இறங்குகிற முட்டுவேர்கள். இரண்டுக்கும் தோல்போலத் தடித்த, மேற்புறம் மினுமினுக்கிற இலைகள். இரண்டுக்கும் இலை முனையில் ஒரு முள் நுனி. படகை நிறுத்திக் கிளையை முகத்தருகே பிடித்துப் பார்க்கும்போதுதான் பேதம் புலனாகும். அபிகுலாட்டாவின் இலை குறுகலாக இருக்கும். அடிப்புறத்து நடுநரம்பிலும், கிளை நுனியில் இளந்தளிரைப் பொதிந்து வைத்திருக்கிற செதில் உறையிலும் செந்நிறம் ஏறியிருக்கும். மியூக்ரோனாட்டாவின் இலை அகன்று பெரிதாக இருக்கும். அதன் அடிப்புறத்தில் பொடிப் பொடியான கரும்புள்ளிகள் இறைந்து கிடக்கும்.

பூவுக்கு வந்தால் வித்தியாசம் இன்னும் தெளிவு. அபிகுலாட்டாவின் குட்டையான, பருத்த காம்பின் உச்சியில், தனிக் காம்பு இல்லாமல் இரண்டே இரண்டு பூக்கள் நெருங்கி ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவும் இலைகள் உதிர்ந்துபோன பகுதியில், இலைக்கொத்துக்குக் கீழே இருக்கும். மியூக்ரோனாட்டாவின் பூங்கொத்தோ இலைக் கக்கத்திலிருந்தே நீண்டு தொங்கி, கவடு கவடாகப் பிரிந்து, மூன்றிலிருந்து எட்டு வரை பூக்களைத் தாங்கியிருக்கும். இரண்டிலும் புறவிதழ் நான்கு, அகவிதழ் நான்கு. மியூக்ரோனாட்டாவின் வெள்ளை அகவிதழ்களின் ஓரத்தில் மெல்லிய ரோமம் அடர்ந்திருக்கும். அபிகுலாட்டாவின் அகவிதழ் ரோமமின்றி வழுவழுப்பாக இருக்கும். கேசரங்கள் முன்னதில் எட்டு. பின்னதில் ஏறக்குறையப் பன்னிரண்டு. மகரந்தத்தைப் பெரும்பாலும் காற்றே எடுத்துச் செல்கிறது. கழியிலே சேர்ந்தாற்போல் நிற்கிற இரண்டு ஜாதிகளுக்கிடையில் காற்றுக்கு வேலியுண்டா? இந்தக் கேள்வியில்தான் நம் அபூர்வ விருட்சத்தின் ஜன்ம ரகசியம் அடங்கியிருக்கிறது.

அதற்குமுன், இந்தக் குடும்பத்தின் பொதுவான சாமர்த்தியங்கள் இரண்டைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. முதலாவது, வேர். கழிச்சேறு காற்றில்லாத கருஞ்சேறு. காலை வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும், எடுத்தால் அழுகிய முட்டையின் நாற்றம் எழும். எந்த வேரும் அங்கே மூச்சு முட்டிச் செத்துவிடும். சுரபுன்னையின் முட்டுவேர் சேற்றுக்கு மேலே நிற்கிற பாகத்தில், கையால் தடவினால் நெருடுகிற சிறு சிறு மருக்கள் உண்டு. அவைதான் அதன் நாசித் துவாரங்கள். ஷோலாண்டர் என்ற உயிரியல் அறிஞர் 1955-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், அந்த மருக்களின்மேல் கிரீஸைப் பூசி அடைத்துவிட்டு, சேற்றுக்குள்ளே புதைந்திருக்கிற வேரில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறதென்று அளந்து பார்த்தார். இரண்டே நாளில் அது ஒன்றுமில்லாத அளவுக்கு இறங்கிப்போயிற்று. மேலே நிற்கிற வேர் உள்ளே புதைந்திருக்கிற வேருக்காகவும் சேர்த்து மூச்சு வாங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் தேவையில்லை. அதே வேர் கடல்நீரை உறிஞ்சும்போது அதன் உப்பில் மிகப் பெரும்பகுதியை வாசலிலேயே தடுத்து நிறுத்திவிடுகிறது. தண்டுக்குள்ளே ஏறுகிற சாறு ஏறக்குறைய நன்னீர்தான். வெண்கண்டல் இதற்கு நேர்மாறான வழியைக் கைக்கொண்டு, உப்பை உள்ளே வாங்கி இலையின் வழியாக வியர்த்துத் தள்ளுகிறது. அதன் இலையை நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கும். சுரபுன்னை இலையில் அப்படிக் கரிப்பதில்லை. உப்பு ஏறிய வயலில் நடவு நட்டுப் பயிர் கருகிப் போவதைக் கண்ணீரோடு பார்த்த வேதாரண்யத்துக்காரருக்கும் தலைஞாயிற்றுக்காரருக்கும் இதன் அருமை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவது, பிள்ளைப்பேறு. மற்ற மரங்கள் விதையை உதிர்த்துவிட்டு அதன் தலைவிதிப்படி விட்டுவிடுகின்றன. சுரபுன்னை அப்படிச் செய்வதில்லை. அதன் காய் கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருக்கும் விதை முளைத்து, பச்சை நிறமான முளைத்தண்டு காயின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, மாதக்கணக்கில் தாயின் சாற்றைக் குடித்தே நீள்கிறது. அபிகுலாட்டாவில் அந்தத் தண்டு ஒரு சாணுக்குச் சற்றுக் கூடக்குறைய இருக்கும். மியூக்ரோனாட்டாவில் அறுபது சென்டிமீட்டரையும் தாண்டிப் போவதுண்டு. நாற்றங்காலில் வளர்த்துப் பதம் பார்த்துப் பறித்து நடுகிற நம்முடைய குடியானவரின் வேலையை அந்த மரம் தன் கிளையிலேயே செய்து முடித்துவிடுகிறது. பருவம் வந்ததும் முளைத்தண்டு காயைவிட்டுக் கழன்று விழுகிறது. விழுகிற வேகத்தில் ஈட்டிபோல் சேற்றில் குத்தி நின்று வேர்விட்டுவிடும் என்று பலரும் எழுதுகிறார்கள். ஓதம் வடிந்த நேரத்தில் சில அப்படி நின்றுவிடுவதும் உண்டு. ஆயினும் பெரும்பாலானவை தண்ணீரிலே மிதந்து, நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் அலைந்து, ஏதாவதொரு சேற்றுக்கரையில் ஒதுங்கிய பிறகே வேர் ஊன்றுகின்றன. அப்படி அலைகிற காலமெல்லாம் உயிர் போகாமல் காப்பது தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறுதான்.

இனி நம் விருட்சத்துக்கு வருவோம். பிச்சாவரத்து ஓடைக்கரைகளில் இந்த இரண்டு ஜாதிகளுக்கும் இடையில், இரண்டையும் ஒத்தும் இரண்டிலிருந்தும் விலகியும் சில மரங்கள் நிற்பதை ஆராய்ச்சியாளர்கள் வெகுநாளாகவே கவனித்து வந்தார்கள். உயரத்திலும் செழிப்பிலும் அவை அண்டை மரங்களை மிஞ்சி நின்றன. முன்பு இவற்றுக்கு ரைசோபோரா லமார்க்கி என்ற பெயர் வழங்கிற்று. அந்தப் பெயருக்குரிய மரம் முதலில் வர்ணிக்கப்பட்டது பசிபிக் சமுத்திரத்தின் நியூ காலிடோனியாத் தீவில்; அது அபிகுலாட்டாவும் ஸ்டைலோசா என்ற இன்னொரு ஜாதியும் கலந்து பிறந்தது. ஆனால் பிச்சாவரத்தில் ஸ்டைலோசா கிடையாது. தகப்பனில்லாத ஊரில் பிள்ளை எப்படிப் பிறக்கும்? இந்த முடிச்சை அவிழ்த்தவர், பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த பேராசிரியர் கே. கதிரேசன். 1995-இல் அவர் இந்த மரத்தைப் புதியதென்று வர்ணித்துத் தம் பல்கலைக்கழகத்தின் பெயரையே அதற்கு இட்டார். பிறகு 1999-இல், அது தனித்து உண்டான ஜாதியன்று, இரண்டு ஜாதிகளின் இயற்கைக் கலப்பினால் பிறந்தது என்பதைத் தாவர சாஸ்திர விதிப்படி குறித்து, பெயரின் நடுவே ஒரு பெருக்கல் குறியையும் சேர்த்துப் பிரசுரித்தார். இடையில் 1997-இல், சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் அதன் மரபணுக்களைச் சோதித்து, அபிகுலாட்டா, மியூக்ரோனாட்டா இரண்டின் அடையாளங்களும் அதில் பதிந்திருப்பதைக் காட்டிவிட்டார்கள். 1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் ஸ்தாபித்த கலாசாலையின் பெயர், அதற்குக் கிழக்கே இருக்கிற ஒரு கழியின் மரத்திலே நிலைத்துவிட்டது.

இந்த மரத்தை அடையாளம் காண்பதற்குப் பூங்கொத்துதான் நல்ல சாட்சி. ஒட்டிய இரண்டு பூ என்றால் அபிகுலாட்டா, கிளைத்துத் தொங்குகிற பல பூ என்றால் மியூக்ரோனாட்டா என்று முன்னே பார்த்தோம். கலப்பு மரத்தின் கொத்திலே பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வரை பூக்கள் இருக்கும். கொத்தின் காம்பு அபிகுலாட்டாவினுடையதைப்போல் குட்டையாகவும் இல்லை, மியூக்ரோனாட்டாவினுடையதைப்போல் நீண்டும் இல்லை. ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற பூவுக்குக் கொஞ்சம் தனிக்காம்பு உண்டு. இலையின் அகலமும் அப்படியே இடைப்பட்டதுதான். ஒரே ஒரு இலையைக் கையிலே வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முற்பட்டால் அனுபவசாலிகளுக்கும் தடுமாற்றம் ஏற்படும். பூ, காம்பு, இலை மூன்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வரவேண்டும்.

பூத்துக் குலுங்குகிற இந்த மரத்தின் கிளைகளில் முளைத்தண்டுகள் தொங்குவதைக் காண்பது அரிது. பக்கத்திலேயே தாயும் தந்தையும் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டுக்கொண்டிருக்க, இது மட்டும் பூவை உதிர்த்துவிட்டு நிற்கும். கலப்பினால் பிறந்த சுரபுன்னைகளின் மகரந்தம் பெரும்பாலும் வீரியமற்றுப் போவதே காரணம். இரண்டு பெற்றோருக்கும் குரோமோசோம் முப்பத்தாறு. எண்ணிக்கை பொருந்தினாலும், வெகுகாலம் தனித்தனி வழியிலே போன இரு வம்சங்களின் குரோமோசோம்கள் ஒன்றுசேர்ந்து அடுத்த தலைமுறைக்குப் பங்கு பிரிக்கும்போது ஒத்துப்போக மறுக்கின்றன. தஞ்சை ஜில்லாவின் குடியானவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. 1922-இல் ஏற்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1960-களின் நடுவில் வெளிவந்து, டெல்டாவின் குறுவைப் போகத்தையே தழைக்கச் செய்த ஏ.டி.டி. 27, நம்முடைய ஜி.இ.பி. 24-ஐயும் ஜப்பான் தேசத்து நெல்லையும் கலந்து எடுத்ததுதான். அந்த இரண்டு வகை நெல்லையும் சேர்த்தால் முதல் தலைமுறைக் கதிர்களில் பதர் மிகுதியாக விழும். பல தலைமுறைகள் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தே மணி பிடிக்கிற ரகத்தை நிலைநிறுத்தினார்கள். நெல்லுக்கு விஞ்ஞானியின் கையும் பொறுமையும் வாய்த்தன. கழியின் விருட்சத்துக்கு அப்படி யாரும் இல்லை.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை வெளிப்படுகிறது. புலியோ வரகுக்கோழியோ அருகிப்போனால் மிஞ்சியவற்றைக் காப்பாற்றி இனப்பெருக்கம் செய்து எண்ணிக்கையைக் கூட்டலாம். அண்ணாமலையானாவைத் தன் பிள்ளைகளைக்கொண்டு பெருக்குவது எளிதன்று. ஒவ்வொரு மரமும், அல்லது அநேகமாக ஒவ்வொன்றும், அபிகுலாட்டாவும் மியூக்ரோனாட்டாவும் பக்கத்தில் பக்கத்தில் பூத்து நிற்க, காற்று ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றின்மேல் கொண்டுபோய்ப் போட்ட ஒரு தருணத்தில் புதிதாகப் பிறந்தது. ஆகவே அதைக் காப்பதென்றால் அந்த மரத்தைச் சுற்றி வேலி கட்டுவதல்ல. இரண்டு பெற்றோரும், அவை நெருங்கி நிற்கிற ஓடை விளிம்பும், அந்த விளிம்பைப் பதமாக வைத்திருக்கிற நன்னீரும் உவர்நீரும் கலந்த தண்ணீரும் கெடாமல் இருக்கவேண்டும். அவை இருந்தால் அந்த மரம் தானே பிறக்கும். இல்லாவிட்டால் எத்தனை லட்சம் செலவழித்தாலும் பிறக்காது.

கதிரேசன் இந்த மரத்தை வர்ணித்த பின் இலங்கையிலும் மலேசியத் தீபகற்பத்திலும் இதே கலப்பு மரங்களை ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். பிச்சாவரத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று பெருமை பேசுகிறவர்களுக்கு அது சற்று வருத்தமாக இருக்கக்கூடும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. இரண்டு பெற்றோரும் சேர்ந்து நிற்கிற இடம் எதுவாயினும் அங்கே இப்படியொரு பிறப்பு நேரலாம் என்பது அந்த மரத்தின் வரலாற்றை நமக்கு இன்னும் தெளிவாக்குகிறது. அமெரிக்கக் கடற்கரைகளிலும் இதே குடும்பத்தின் வேறு இரண்டு ஜாதிகள் கலந்து ஹாரிசோனி என்ற மரம் பிறந்திருக்கிறது. கலந்து புதுமை செய்வது இந்தக் குலத்தின் ஸ்வபாவம் போலும்.

இந்தக் காடு இப்போது காண்கிற நிலையில்தான் என்றும் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தில் மகரந்த ஆராய்ச்சிக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த கணபதி தணிகைமணி என்ற தமிழ் விஞ்ஞானி, சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, பிச்சாவரத்தில் வளர்கிற மரங்களுக்கும் அதன் சேற்றிலே படிந்திருக்கிற மகரந்தத் துகள்களுக்கும் உள்ள சம்பந்தத்தை 1973-இல் வெளியிட்டார். மரம் அழிந்தாலும் அதன் மகரந்தத்தின் கடினமான உறை சேற்றுக்குள் ஆயிரக்கணக்கான வருஷங்கள் அழியாமல் கிடக்கும். அதைச் சலித்தெடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்தால் பழைய காடு எதுவென்று படித்துவிடலாம். காவேரி டெல்டாவின் சேறு அந்த முறையிலே சொல்லுகிற கதை, முற்காலத்தில் இங்கே இன்னும் பல வகை அலையாத்தி மரங்கள் இருந்தன என்பதுதான். அந்தப் பெருமகனார் 1986 செப்டம்பரில் கராச்சி விமான நிலையத்தில் பயங்கரவாதிகள் கைப்பற்றிய விமானத்திலே உயிர் துறந்தார். கண்ணுக்குத் தெரியாத மகரந்தப் பொடியிலே தன் நாட்டின் பழங்காட்டைப் படித்த ஒருவரை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாரேனும் அறிமுகம் செய்துவைக்க வேண்டும்.

தெற்கே முத்துப்பேட்டையில் என்ன நடந்தது என்று பார்த்தால் பிச்சாவரத்தின் அருமை இன்னும் விளங்கும். பாமணியாறும் கோரையாறும் கடலில் சேருகிற அந்த இடத்தில் பிச்சாவரத்தைப்போல் பல மடங்கு பரப்புள்ள காடு உண்டு. 1853 முதல் 1912 வரை அதன் ஒரு பகுதி சத்திரம் இலாகாவின் வசம் இருந்தது. விறகு விற்று வந்த பணம் வழிப்போக்கர்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் அன்னமிட்ட சத்திரங்களின் பராமரிப்புக்குப் போயிற்று. தர்மத்துக்காக வெட்டினாலும் மரம் மரம்தான். 1937-இல் அது வன இலாகாவின் கைக்கு வந்தது. இன்று அங்கே நிற்பது ஏறக்குறைய முழுவதும் வெண்கண்டல்தான். உப்பு ஏறினாலும் தாங்குகிற மரம் அது ஒன்று. அதனால் அது மிஞ்சியது. உப்பைத் தடுக்கத் தெரிந்திருந்தும், நன்னீரின் துணை இல்லாமல் தழைக்க மாட்டாத சுரபுன்னைக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று.

இரண்டு காடுகளிலும் மரத்தைக் கூப்புக் கூப்பாக முழுக்க வெட்டிவிட்டுத் தானாக முளைக்கட்டும் என்று விட்ட முறை வெள்ளையர் காலத்திலும் அதற்குப் பிறகும் வெகுகாலம் நீடித்தது. வெட்டின இடம் வெயிலில் காய்ந்து, சேறு இறுகி அமிழ்ந்து, நடுவில் தொட்டிபோல் பள்ளமாயிற்று. ஓதத்தில் ஏறின கடல்நீர் அதிலிருந்து வடிய வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பளத்து நீரைப்போல் கடுத்தது. அதில் எந்த முளையும் பிழைக்கவில்லை. நெடுங்காலம் இதற்கு ஆடுமாட்டையும் கிராமத்தாரையும் குற்றம் சாட்டினார்கள். 1990-களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வன இலாகாவும் கிராமத்தாரும் சேர்ந்து, மீன்முள்ளின் வடிவத்தில் பெரிய வாய்க்காலும் அதிலிருந்து சாய்வாகக் கிளை வாய்க்கால்களும் வெட்டித் தண்ணீர் போய்வர வழி செய்தபிறகே அங்கே மீண்டும் பசுமை கண்டது. வடிகால் அடைபட்டால் பயிர் சாகும் என்பதைத் தஞ்சாவூர்ப் பண்ணையாள் ஒவ்வொருவரும் அறிவார். காட்டுக்கும் அதுவே விதி என்று தெரிந்துகொள்ள நமக்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது காட்டுக்குப் பின்னே இருந்த குடியிருப்புகள் காட்டுக்கு முன்னே மணல் திட்டில் இருந்தவற்றைவிடக் குறைந்த சேதத்தோடு தப்பின. பரங்கிப்பேட்டைக் கரையின் பதினெட்டுக் குப்பங்களை ஆராய்ந்து கதிரேசனும் ராஜேந்திரனும் எழுதிய கட்டுரை உலகத்தின் கவனத்தை ஈர்த்தது. கடலிலிருந்து உள்ள தூரமும் மேடும்தான் காத்தனவே தவிர மரமல்ல என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த வாதத்திலும் நியாயம் இருக்கிறது. மரங்களின் மதிப்பை ஒரு பேரலையின் கணக்கில் மட்டும் நிறுத்திப் பார்ப்பது எனக்குச் சரியென்று படவில்லை. அந்த வேர்களினூடே ஒளிந்து வளருகிற இறாலையும் நண்டையும் மீன்குஞ்சையும் நம்பித்தான் கிள்ளையிலும் சுற்றுப்புறத்துக் குப்பங்களிலும், இடுப்பளவுத் தண்ணீரில் தவழ்ந்து வெறுங்கையாலேயே இறால் பிடிக்கிற இருளர் வீடுகளிலும் தினந்தோறும் அடுப்பு எரிகிறது. அது ஒவ்வொரு நாளும் நடக்கிற பாதுகாப்பு.

கடைசியாகச் சொல்ல வேண்டியது தண்ணீரைப் பற்றி. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது; அதற்கு ஏறக்குறைய நூறாண்டு முன்னரே, 1836-இல், ஆர்தர் காட்டன் மேலணையையும் கீழணையையும் கட்டினார். அவற்றினால் டெல்டா வாழ்ந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அணைகள் பெருகப் பெருகக் கொள்ளிடத்தில் தண்ணீர் வருகிற நாட்கள் குறைந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையும், வயல்களின் வடிகாலைச் சுமந்து வருகிற கான்சாகிப் வாய்க்காலும்தான் இன்று பிச்சாவரத்துக்குப் பெரிய துணை. இந்த நிலையில், ஐப்பசியில் கொள்ளிடம் பெருகி ஓடுகிறபோதெல்லாம் தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறதே என்று நம் பத்திரிகைகளும் மேடைகளும் அங்கலாய்ப்பதைக் கேட்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று நியாயமாகக் கவலைப்படுகிற விவசாயியின் வேதனையைக் குறைத்துப் பேசுவதாக இதைக் கொள்ளக் கூடாது. கழியும் காவேரிப் பாசனத்தின் ஒரு கடைமடை என்பதை மட்டும் அவர் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்பதே என் வேண்டுகோள். அந்தக் கடைமடைக்குப் போகிற தண்ணீரில் சுரபுன்னை வளருகிறது. சுரபுன்னையின் நிழலில் மீனும் இறாலும் வளருகின்றன. இரண்டு சுரபுன்னைகளும் அருகருகே பூக்கிற ஓடைகளில் அண்ணாமலையானா பிறக்கிறது. அதை வீண் என்று சொல்லத்தகாது.

பிச்சாவரத்துக்குப் போகிற வாசகர்கள் படகோட்டியிடம் சொல்லி ஓடை குறுகுகிற இடத்தில் துடுப்பை நிறுத்தச் சொல்லுங்கள். கிளையை ஒடிக்காமல், தொங்குகிற முளைத்தண்டுகளை விளையாட்டுக்காகப் பறித்து எறியாமல், பூங்கொத்தைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து அதில் எத்தனை பூ இருக்கிறதென்றும், காம்பு குட்டையா நீளமா என்றும் பாருங்கள். கூட வருகிற பிள்ளைகளுக்கும் அதைக் காட்டிக் கொடுங்கள்.